உஷார்! காய்ச்சல் விட்டதும்தான் டெங்கு தன் வேலையைக் காட்டும்!

வீட்டில் யாருக்காவது டெங்குவா? ஓ.பி.யில் பார்த்த டாக்டர், "அட்மிஷன் வேண்டாம், தினமும் வந்து ரத்தம் மட்டும் கொடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டாரா? பெரும்பாலோருக்கு அது போதும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். உடம்பு கொதிக்கும் நாட்களை விட, சூடு இறங்கும் நாள்தான் ஆபத்து!

தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி, கல்லூரியில் படிப்பவள். நாலு நாள் அனலாய்க் கொதித்தது. ஐந்தாம் நாள் காலை உடம்பு ஜில்லென்று இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "அதான் விட்டுடுச்சே" என்று அன்றைக்கு ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. மதியம் வயிற்றுவலி. கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அடுத்தடுத்து வாந்தி. அப்புறம் சுருண்டு படுத்துவிட்டாள். "பாவம், அசதி, தூங்கட்டும்!"

சாயங்காலம் அம்மா தொட்டுப் பார்த்தால் கையும் காலும் ஐஸ் மாதிரி. ஆஸ்பத்திரியில் பி.பி. பார்த்தால் அளவே கிடைக்கவில்லை. ஐ.சி.யூ.வில் வைத்துத்தான் மீட்டார்கள்.

ஏன் இப்படி? நோயின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில், சிலருக்கு ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். ரத்தத்திலுள்ள நீர் வெளியேறி நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். குழாய்க்குள் இருக்கும் ரத்தம் கெட்டியாகும். அழுத்தம் விழும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். உயிர் ஊசலாடுவது அந்த நேரத்தில்தான்!

ஆகவே இவற்றைக் கண்கொத்திப் பாம்பாய்க் கவனியுங்கள்:

விடாத வயிற்றுவலி. நிற்காத வாந்தி. மூக்கிலோ ஈறிலோ ரத்தம். கறுப்பாக மலம். மாதவிலக்கில் வழக்கத்தை மீறிய போக்கு. மூச்சு வாங்குதல். எழுந்தால் தலைசுற்றல். ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது. காரணமில்லாத சோர்வு, அல்லது நிலைகொள்ளாத தவிப்பு. இந்தக் கடைசி இரண்டைத்தான் நம் வீடுகளில் "காய்ச்சல் விட்ட களைப்பு" என்று கோட்டை விடுகிறோம்.

இன்னொன்று. எல்லோரும் "பிளேட்லெட் எவ்வளவு?" என்றே கேட்கிறோம். அதே ரிப்போர்ட்டில் ஹெமட்டோகிரிட் என்று ஒரு வரி இருக்கும். சில லேப்களில் பி.சி.வி. என்று போடுவார்கள். பிளேட்லெட் வேகமாகச் சரிய, இது ஏறிக்கொண்டே போனால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பப்பாளி இலைச்சாறு கொடுத்தாயிற்று என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், சர்க்கரை நோயாளி என்றால் அறிகுறி வரும்வரை பொறுக்கவே வேண்டாம். அட்மிஷன் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். முன்பே ஒரு தடவை டெங்கு வந்தவரா? அதையும் சொல்லுங்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. வேறு வகை இரண்டாம் முறை தாக்கினால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம்.

உடம்புவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு புரூஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும்! டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். அடிக்கடி கொடுங்கள்.

காய்ச்சல் விட்டபின் இரண்டு நாள் நோயாளியைத் தனியாக விடாதீர்கள். மேலே சொன்னதில் ஒன்றே ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நடுராத்திரி என்றாலும் விடியட்டும் என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்!