தங்கம் தீர்ந்த பிறகும் மின்னும் ஊர்: பென்டிகோவில் என்னதான் இருக்கு?

ஆஸ்திரேலியா டூர் என்றதும் சிட்னி ஓபரா ஹவுஸ், மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் என்றுதான் பட்டியல் போடுவோம். ஆனால், மெல்பர்னிலிருந்து சுமார் 150 கி.மீ. தள்ளி இருக்கும் பென்டிகோவுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். தங்கத்தால் உருவாகி, தங்கம் தீர்ந்த பிறகு தன் பழைய பொருட்களைத் தூக்கிப் போடாமல் பிழைத்துக்கொண்ட சின்ன நகரம் இது.

ஊர் உருவானது எப்படி?

இது ஜா ஜா வுரங் பழங்குடி மக்களின் நிலம். 1851-இல் இங்கே தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் உலகின் பல மூலைகளிலிருந்தும் கூட்டம் வந்து குவிந்தது. நிலத்தை இழந்த பழங்குடியினருடன் விக்டோரியா மாநில அரசு அங்கீகார ஒப்பந்தம் செய்துகொண்டது 2013-இல்தான்.

தங்கப் பணத்தில் எழுந்த கட்டடங்களை பால் மால் தெருவில் இன்றும் பார்க்கலாம். பக்கத்திலேயே ரோசலிண்ட் பூங்கா. அங்குள்ள பழைய சுரங்கக் கோபுரத்தில் ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும்.

சுரங்கத்துக்குள் போக முடியுமா?

முடியும். சென்ட்ரல் டெபோரா சுரங்கம் 1939 முதல் 1954 வரை இயங்கியது. ஆழம் 412 மீட்டர். இப்போது தலையில் விளக்கு வைத்த ஹெல்மெட் மாட்டி, லிஃப்ட் கூண்டில் 61 மீட்டர் கீழே அழைத்துப் போகிறார்கள். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு.

இந்த ஊரில் தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் இருந்தது. பாறையை உடைக்கும்போது எழும் நுண்ணிய தூசியைச் சுவாசித்து, நுரையீரல் கெட்டு இறந்த தொழிலாளர்கள் ஏராளம். மேலே இருக்கும் அழகான கட்டடங்களின் உண்மையான விலை கீழே போய்ப் பார்த்தால்தான் புரியும்.

சீன டிராகன் இங்கே எதற்கு?

தங்கம் தேடி வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் சீனர்கள். அவர்கள் வருகையைத் தடுக்க 1855-இல் விக்டோரியா ஒரு சட்டம் போட்டது. கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி! அதைத் தவிர்க்கப் பலர் பக்கத்து மாகாணமான தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 400 கி.மீ. நடந்தே வந்தார்கள்.

அப்படி வந்த சமூகம் ஊரைவிட்டு ஒதுங்கிவிடவில்லை. மருத்துவமனைக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்கும் நிதி திரட்ட 1871-இல் தொடங்கிய ஈஸ்டர் திருவிழாவில் அவர்களும் சேர்ந்தார்கள். ஊர்வலத்தில் டிராகனைக் கொண்டுவந்தார்கள். ‘லூங்’ என்ற அந்தப் பழைய டிராகன், 1901-இல் மெல்பர்னில் நடந்த கூட்டாட்சி விழாவிலும் போனது. 1970-இல் ‘சன் லூங்’, 2019-இல் ‘டாய் கம் லூங்’ என வாரிசுகள் வந்தன. இப்போதைய டிராகனின் நீளம் 120 மீட்டருக்கும் மேல்!

மற்ற இரண்டையும் கோல்டன் டிராகன் மியூசியத்தில் பார்க்கலாம். வரி போட்டுத் தடுக்கப் பார்த்தவர்களின் டிராகன்தான், இன்று ஊரின் அடையாளம். சீனர்கள் கட்டிய சிவப்பு நிற ஜாஸ் ஹவுஸ் கோயிலும் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது.

டிராம் ஏன் ஸ்பெஷல்?

1890-லேயே இங்கே பேட்டரி டிராம் விட்டுப் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே கைவிட வேண்டியதாகிவிட்டது. பிறகு நீராவி, 1903-இல் மின்சார டிராம். 1972-இல் பொதுப் போக்குவரத்துச் சேவை மொத்தமாக நின்றபோது, ‘டிராமை எடுத்துட்டுப் போகக் கூடாது’ என்று ஊர்க்காரர்கள் உறுதியாக நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அது சுற்றுலா டிராமாக மறுபடி ஓடத் தொடங்கியது. சுரங்கம், பூங்கா, மியூசியம் எல்லாவற்றையும் இணைக்கும் வண்டி இன்று அதுதான்.

ஊருக்கு வெளியே?

திபெத்தின் கியான்ட்சே ஸ்தூபியை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட பெரிய புத்த ஸ்தூபி இருக்கிறது. உயரம் சுமார் 48 மீட்டர். உள்ளே பச்சை மரகதம் போல ஜொலிக்கும் ஜேட் புத்தர் சிலை.

எப்போது, எப்படிப் போகலாம்?

மெல்பர்ன் சதர்ன் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரம். காலையில் கிளம்பினால் சுரங்கம், டிராம், மியூசியம் மூன்றையும் முடித்துவிட்டு இரவுக்குள் திரும்பலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை, வெயில் கொளுத்தும். டிராகன் தெருவில் ஆடுவதைப் பார்க்க வேண்டுமா? ஈஸ்டர் வார இறுதிதான் சரியான நேரம். கூட்டம் அதிகம், அறையை மட்டும் முன்கூட்டியே புக் பண்ணிவிடுங்கள்.