எதிர்பாராத வட்டி உயர்வு: சந்தை அதிர்ச்சி வீட்டுத் தவணை வரை வருவது எப்படி?

பெங்களூரு: ரிசர்வ் வங்கியின் ஒவ்வொரு வட்டி அறிவிப்பும் பொருளாதாரத்தை உலுக்குவதில்லை. எதிர்பார்க்கப்பட்ட மாற்றத்தைச் சந்தைகள் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுகின்றன. எதிர்பாராமல் வரும் மாற்றத்தையே பொருளியலாளர்கள் 'பணக்கொள்கை அதிர்ச்சி' என்கின்றனர்.

இதற்கு 2022 மே 4 ஓர் எடுத்துக்காட்டு. நிதிக் கொள்கைக் குழுவின் அடுத்த கூட்டம் ஜூன் மாதம் நடைபெறவிருந்தது. ஆனால் குழு இடையிலேயே கூடி, ரெப்போ வட்டி விகிதத்தை 4 சதவீதத்தில் இருந்து 4.40 சதவீதமாக உயர்த்தியது. அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் இதனை அறிவித்த அன்று சென்செக்ஸ் 1,300 புள்ளிகளுக்கும் மேல் சரிந்தது.

தவணையில் என்ன மாற்றம்?

சந்தை அன்றே அதிர்ந்தாலும், குடும்பங்களை அந்த அதிர்ச்சி மெல்லவே வந்தடைகிறது. 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 6.50 சதவீதமானது. வெளிப்புற அளவுகோலுடன் இணைந்த வீட்டுக் கடன்களின் வட்டி, மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது மாற்றியமைக்கப்பட வேண்டும் என்பது விதி.

பெங்களூரு அல்சூரில் வீடு வாங்க, ரெப்போவை விட 2.75 சதவீதம் கூடுதல் வட்டியில், 20 ஆண்டுகளுக்கு 30 லட்சம் ரூபாய் கடன் பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 6.75 சதவீத வட்டியில் அவரது மாதத் தவணை சுமார் 22,810 ரூபாய். அதே நிலுவைக்கு வட்டி 9.25 சதவீதமானால், தவணை சுமார் 27,480 ரூபாயாகிறது.

தவணையை உயர்த்தாமல் கடன் காலத்தை மட்டும் நீட்டிப்பதும் தீர்வாகாது. 9.25 சதவீதத்தில் ஒரு மாத வட்டியே 23,125 ரூபாய். பழைய தவணை அந்த வட்டிக்குக்கூடப் போதாது என்பதால், அசல் குறையாமல் கடன் வளரும். இந்நிலை ஏற்படக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கடன் வழங்கும் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

ஏற்ற இறக்கம் ஏன்?

தவணை உயர்ந்தால் குடும்பங்கள் செலவைக் குறைக்கின்றன. நிறுவனங்கள் முதலீட்டைத் தள்ளிப்போடுகின்றன. உற்பத்தியிலும் விலைவாசியிலும் இதன் முழு விளைவு தெரியப் பல காலாண்டுகள் ஆகலாம். அதற்குள் சூழல் மாறிவிட்டால், விலைவாசியைக் கட்டுப்படுத்த எடுத்த முடிவே பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பெருக்கக்கூடும்.

அமெரிக்காவில் 1979 அக்டோபரில் மத்திய வங்கித் தலைவர் பால் வோல்கர் தொடங்கிய கடும் நடவடிக்கை பணவீக்கத்தை அடக்கியது. ஆனால் 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தை எட்டியது. 1980களின் நடுப்பகுதிக்குப் பின் அங்கு ஏற்ற இறக்கம் தணிந்ததற்கு, பணக்கொள்கை மேம்பட்டதும் ஒரு காரணம் எனப் பொருளியலாளர்கள் பலர் கருதுகின்றனர்.

தாமதத்துக்கும் விலை உண்டு. 2022 ஏப்ரலில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதமாக இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 6 சதவீதம். தொடர்ந்து மூன்று காலாண்டுகள் அந்த வரம்பு மீறப்பட்டதால், ரிசர்வ் வங்கி சட்டப்படி மத்திய அரசுக்கு விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே வட்டி எவ்வளவு உயர்கிறது என்பதுடன், அது முன்கூட்டியே கணிக்கத்தக்கதா என்பதும் முக்கியமாகிறது. கணிக்க முடிந்தால் சந்தைகளும் குடும்பங்களும் தயாராக அவகாசம் கிடைக்கும்.

வட்டி மாற்றியமைக்கப்படும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டிப்பதா, இரண்டும் சேர்ந்தா எனத் தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்கு வழங்க வேண்டும் என்றும் 2023 உத்தரவு கூறுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.