குருவி பார்க்கச் சம்பளமா?

நல்லம்பள்ளியில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்த பையன் ஒருவன் வீட்டில் இப்படி ஆரம்பிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

''அப்பா, நான் காட்டுக்குப் போயி பறவை ஆராய்ச்சி பண்ணப் போறேன்.''

''எவ்ளோ குடுப்பாங்க?''

''மொதல்ல ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. நாமதான் செலவு பண்ணணும்.''

அதற்கு மேல் அப்பா பேசியதை அச்சில் ஏற்ற முடியாது! அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வீட்டை விட்டு இறங்கினால் ஹைவே. பஸ் ஏறினால் ஓசூர், பெங்களூர்... மாசம் பிறந்தால் சம்பளம். இதை விட்டுவிட்டு எவனாவது பைனாகுலரைத் தூக்குவானா?

தூக்குகிறவன் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. ''அனுபவம் இருக்கா?'' என்று கேட்டுத்தான் வேலை தருவார்கள். வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும். நடுவில் ஓரிரண்டு வருஷம் பஸ் சார்ஜ், அறை வாடகை, வழிகாட்டும் உள்ளூர்க்காரருக்குக் கூலி எல்லாம் யார் கொடுப்பது? கையில் காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள். மற்றவர்கள் பேசாமல் ஓசூர் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள்.

இந்தப் பள்ளம் சாதாரணமானது இல்லை ஸார். சாலிம் அலியே இதில் விழுந்திருக்கிறார். பட்டம் கிடையாது. பம்பாய் மியூசியத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் உத்தியோகம். பெர்லின் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு 1930-ல் திரும்பினால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்! கிஹிம் என்ற கடலோரக் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து தூக்கணாங்குருவியைக் கவனிக்க ஆரம்பித்தார். அந்த ஆராய்ச்சிதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. மனைவி தெஹ்மினா துணையாக நின்றார். எல்லோருக்கும் அப்படி அமைகிறதா என்ன?

அந்த சாலிம் அலி பெயரில் 1990-ல் ஆரம்பித்த பறவை ஆராய்ச்சி மையம் நம் கோவை ஆனைகட்டியில் இருக்கிறது. அங்கே இயக்குநராக இருந்தவர் டாக்டர் ரவி சங்கரன். சிதார் மேதை இல்லை, இவர் வேறு!

இவர் முதலில் பிடித்துக்கொண்டது வரகுக்கோழியை. மழைக்காலம் வந்தால் இதன் சேவல், புல்லுக்கு மேலே எம்பி எம்பிக் குதிக்கும். எல்லாம் பெட்டையின் கண்ணில் படத்தான். ஒரே நாளில் ஐந்நூறு முறைக்கு மேலும் குதிக்குமாம். (பெண் பார்க்கப் போய் சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வருகிற நாம் எவ்வளவோ தேவலை!) அப்புறம் அந்தமான், நிகோபார். நார்கொண்டம் என்ற குட்டித் தீவில் மட்டும் ஓர் இருவாச்சி உண்டு. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அங்கிருந்த போலீஸ் சாவடிக்காகக் கொண்டுபோன ஆடுகள் பெருகி, மரக்கன்றுகளை முளைக்கவிடாமல் மேய்ந்துகொண்டிருந்தன. 'பறவை வேண்டுமென்றால் ஆடு போகணும்' என்று எழுதிக் கொடுத்தார். நல்லம்பள்ளிச் சந்தையாக இருந்தால் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்திருக்கும்!

அவருடைய பெரிய வேலை உழவாரன் கூடு. அந்தமான் குகைகளில் இந்தப் பறவை தன் எச்சிலாலேயே கூடு கட்டும். சீனாவில் அந்தக் கூட்டில் சூப் வைப்பார்கள். விலையோ எக்கச்சக்கம். முட்டையிடும் முன்பே கூட்டைப் பிய்த்துக்கொண்டு போனால் குஞ்சு எங்கிருந்து வரும்? ரவி சங்கரன் என்ன செய்தார் தெரியுமா? கூடு திருடிக்கொண்டிருந்தவர்களையே குகைக்குக் காவல் வைத்தார். குஞ்சு பறந்து போன பிறகு கூட்டை முறையாக எடுத்து விற்கட்டும், வருமானம் அவர்களுக்கே போகட்டும் என்பது அவர் கட்சி. ஆனால் நடுவில் இந்தப் பறவையை முழுப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கூட்டைத் தொட்டாலே குற்றம் என்றாகிவிட்டால், காவல் காப்பவனுக்கு என்ன லாபம்? பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றார். பாதுகாப்பு வேண்டாம் என்று பறவை விஞ்ஞானியே வாதாடியது பலருக்கு விசித்திரமாகப் பட்டது. எனக்கென்னவோ அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. 2009-ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

அதே 2009, ஜனவரி 17-ந் தேதி மாரடைப்பு. போய்விட்டார். வயது 45.

அவர் நினைவாகத்தான் இன்லாக்ஸ் சிவதாசானி அறக்கட்டளை, இயற்கைப் பாதுகாப்புத் துறைக்கு வரும் இளைஞர்களுக்காக ஓர் உதவித் திட்டத்தை ஆரம்பித்தது. சிலை வைக்கவில்லை, ரோட்டுக்குப் பேர் வைக்கவில்லை. பள்ளத்தைத் தாண்டப் பலகை போட்டார்கள்! ஆரம்பித்தபோது வழி மூன்று: வெளிநாட்டில் மேற்படிப்பு, அனுபவமுள்ள நிறுவனத்தில் சேர்ந்து பயிற்சி, சொந்தமாக ஒரு கள ஆய்வு செய்யச் சிறு தொகை. இந்த மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 'அனுபவம் இருக்கா?' என்று கேட்கிறவரிடம் நீட்ட ஓர் அறிக்கை கையில் இருக்கும், பாருங்கள்.

ஆய்வு செய்ய அந்தமானுக்குக் கப்பல் ஏற வேண்டும் என்பதில்லை. 2022-ல் அறிவித்த காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில்தான் இருக்கிறது. பரப்பு 686 சதுர கிலோமீட்டர். யானை, நாற்கொம்பு மான், நீர்நாய், ஆற்று ஆமை எல்லாம் உண்டு.

ஆர்வமுள்ளவர்கள் விண்ணப்பம் போடும்முன் அந்த வருஷத்து அறிவிப்பைப் படித்துவிடுங்கள். வயது, படிப்பு நிபந்தனைகள் அதில் இருக்கும். காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தனியாக வாங்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் நடக்க வைப்பார்கள்... எப்படியும் நடக்கிற உத்தியோகம்தானே!