உங்களுக்குத் தெரியுமா? சப்வூஃபர் சீறுவது ஏன்?

வீட்டில் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கி) பெட்டி செய்பவருக்கு ஒலிக்கணக்கு வேண்டும். பாட்டோடு ‘புஸ்’ என்று இரைந்தால் முதலில் பெட்டியின் காற்றுக் குழாயைப் பாருங்கள். குறுகிய குழாயில் காற்று மிக வேகமாய்ப் பாய்வதே பெரும்பாலும் காரணம். குழாயை அகலமாக்கினால் சீறல் அடங்கும். ஆனால் விட்டத்தை இரட்டித்தால், பெட்டியின் பழைய சுருதி மாறாதிருக்க குழாயின் நீளம் ஏறக்குறைய 4 மடங்காக வேண்டும்! சின்னப் பெட்டியில் அதற்கு இடம் ஏது? குழாயின் இரு வாயையும் எக்காளம்போல விரித்துவிடுவது நல்ல வழி. பலகை அதிர்ந்தால் உள்ளே குறுக்குச் சட்டம் அடியுங்கள். மூட்டில் காற்றுக் கசிந்தால் சிலிக்கோன் பூசுங்கள்.