காக்கும் அணுக்களை முதலில் வீழ்த்தும் ஆட்டுக்கொல்லி வைரஸ்

வெள்ளாடு, செம்மறியாடு இரண்டையும் தாக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரு வைரஸ் காரணம். கால்நடை மருத்துவர்கள் இதைப் பி.பி.ஆர். என்பார்கள், வெக்கை சார்பு நோய் என்ற பெயரும் உண்டு. கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், மூச்சிரைப்பு என்று அறிகுறிகள் வரிசையாக வரும். ஆனால், இவை தெரிவதற்கு முன்பே ஆட்டின் நோய் எதிர்ப்பாற்றலை வைரஸ் முடக்கத் தொடங்கியிருக்கும். மனிதர்களுக்கு இந்நோய் வருவதில்லை. குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையின் வைரஸ் இதற்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே வழியில்தான் உடலை வெல்கின்றன.

மானாவாரி நிலம் மிகுந்த புதுக்கோட்டை மாவட்டத்தில், மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தின் கைச்செலவுக்கு ஆடுகளே துணை. அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் மந்தைகளை ஓட்டி வருகிறார்கள். புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தையில் பல ஊர் ஆடுகள் உரசி நிற்கின்றன. மூச்சு, சளி, சாணம் வழியே பரவும் வைரஸுக்கு இத்தகைய நெருக்கம் போதும்.

அரசூரில் முதல் அடையாளம்

இந்நோய் 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் செம்மறியாடுகளிடம் கண்டறியப்பட்டது. மாட்டு வெக்கையும் இதே வைரஸ் குடும்பம் என்பதால், ஆடுகளில் இரண்டையும் பிரித்தறிவது அன்று கடினமாக இருந்தது. வைரஸின் மரபுப்பொருளை ஆராய்ந்த பிறகே அரசூரில் பரவியது ஆட்டுக்கொல்லிதான் என்பது உறுதியானது.

டி அணுக்களின் வேலை

இந்த வைரஸ் குறிவைக்கும் டி அணுக்கள், இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் இவை முதிர்கின்றன. உதவி டி அணுக்கள் மற்ற எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடும். எதிர்ப்பொருள் சுரக்கும் பி அணுக்களுக்கும் இவற்றின் தூண்டுதல் தேவை. கொல்லி டி அணுக்கள், வைரஸ் புகுந்த அணுக்களை இனங்கண்டு அழிக்கும். கிருமி நுழைந்ததும் அதற்குப் பொருத்தமான சில டி அணுக்கள் மட்டும் விழித்து, பிளந்து பிளந்து பெருகும். எண்ணிக்கை போதுமான அளவு உயரச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களைத்தான் வைரஸ் பயன்படுத்திக்கொள்கிறது.

வைரஸ் முடக்கும் விதம்

மூக்கு வழியே நுழையும் வைரஸை அங்குள்ள எதிர்ப்பு அணுக்களே அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் சுமந்து செல்கின்றன. டி அணுக்கள், பி அணுக்கள், கிருமிகளை விழுங்கும் பேரணுக்கள் ஆகியவற்றின் மேல் 'ஸ்லாம்' என்ற புரதம் உண்டு. அதைப் பற்றிக்கொண்டே வைரஸ் உள்ளே புகுகிறது. தட்டம்மை வைரஸும் இதே புரதத்தின் வழியாக நுழைவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000இல் கண்டறிந்தனர். விழித்தெழுந்த டி அணுக்களில் ஸ்லாம் கூடுதலாக இருக்கும். போருக்குத் தயாராகும் அணுவே வைரஸுக்கு எளிய இலக்காகிறது.

அடுத்து மூன்று கேடுகள் நேர்கின்றன. முதலாவது, நேரடி அழிவு. நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், குடல்சுவரின் நிணத் திட்டுகள் ஆகியவற்றில் அணுக்கள் மடிகின்றன; இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை சரிகிறது.

இரண்டாவது, எச்சரிக்கை தடைபடுவது. வைரஸ் தாக்கிய அணு இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து அண்டை அணுக்களை உஷார்ப்படுத்தும். வைரஸின் 'வி' புரதம் அந்தச் செய்தி அணுவுக்குள் போய்ச் சேராமல் மறிக்கிறது.

மூன்றாவது, பெருக்கம் நின்றுபோவது. வைரஸின் மேற்பரப்புப் புரதங்கள், தொற்றிய அணுவின் மேலும் முளைத்து நிற்கும். அவற்றைத் தொட்ட டி அணு, தனக்குத் தொற்று இல்லாதபோதும் பிளவுபடுவதை நிறுத்திக்கொள்கிறது. தட்டம்மை, மாட்டு வெக்கை, ஆட்டுக்கொல்லி வைரஸ்கள் வெள்ளணுப் பெருக்கத்தைத் தடுப்பதை 2002இல் வெளியான ஆய்வகச் சோதனைகள் காட்டின. தொற்றிய அணுக்கள் குறைவாக இருந்தும் முடக்கம் உடல் முழுதும் பரவுவதற்கு இது ஒரு காரணம்.

இதன் பலனை வேறு கிருமிகள் அறுவடை செய்கின்றன. மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றிக் கிடந்த பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் நுரையீரலில் இறங்கிச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். குடலில் அடங்கியிருந்த ஒட்டுண்ணிகள் பெருகிக் கழிச்சலைக் கடுமையாக்கும். முன்பு நோய் கண்டிராத மந்தையில், நோயுற்ற ஆடுகளில் 90 விழுக்காடு வரை சாகலாம். பல சாவுகளில் இரண்டாவதாக வந்த கிருமிக்கும் பங்குண்டு. ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. ஆயினும் கால்நடை மருத்துவர்கள் அதைக் கொடுப்பது இந்த இரண்டாம் தொற்றைத் தடுப்பதற்காகத்தான்.

மனிதரில் இதே பாதை

வைரஸ் நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் என்பதற்கான முதல் சான்று தட்டம்மையிலிருந்து கிடைத்தது. காசநோய்க் கிருமிக்கு ஆளானவரின் தோலில் டியூபர்குலின் ஊசி போட்டால் தடிப்பு எழும். தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு அந்தத் தடிப்பு எழாமல் போவதை வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1908இல் பதிவு செய்தார். அந்தத் தடிப்பு டி அணுக்களின் எதிர்வினை என்பது பின்னாளில்தான் தெரியவந்தது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட முடிவு இன்னும் கூர்மையானது: பழைய நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 விழுக்காட்டைத் தட்டம்மை அழித்திருந்தது.

எல்லா வைரஸ்களும் ஒரே உத்தியைக் கையாள்வதில்லை. எச்.ஐ.வி. உதவி டி அணுக்களுக்குள் குடியேறி, ஆண்டுக்கணக்கில் அவற்றைக் குறைக்கிறது. இரத்தத்தின் ஒரு கன மில்லிமீட்டரில் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால் காசநோய் முதலியவை எளிதில் தாக்கும். நாட்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றிலோ டி அணுக்கள் சாவதைவிடச் சோர்ந்துபோவதே அதிகம்: ஓயாத தூண்டுதலால் அவை களைத்துச் செயலிழக்கின்றன.

தடுப்பூசி ஏன் முந்த வேண்டும்

ஆட்டுக்கொல்லியில் ஒரு முரண் உண்டு. மற்றக் கிருமிகளுக்கு எதிரான ஆற்றலைக் குலைக்கும் இந்த வைரஸ், தனக்கு எதிராக மட்டும் வலுவான நினைவை விட்டுச்செல்கிறது. பிழைத்த ஆட்டுக்கு இந்நோய் மறுபடி வருவதில்லை. வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ், முடக்கத்தைத் தராமல் அந்த நினைவை மட்டும் தருகிறது. தடுப்பூசியின் அடிப்படை இதுவே. அரசூரில் பிரித்தெடுத்த வைரஸைக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' தடுப்பூசியை உருவாக்கியது. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'சுங்ரி 96' தடுப்பூசியும் பயன்பாட்டில் உள்ளது.

தாய்ப்பாலின் எதிர்ப்பொருள் மூன்று, நான்கு மாதங்களில் குறைந்துவிடும். அந்த வயதைத் தாண்டிய குட்டிகளுக்கு ஊசி போட வேண்டும். ஒரு தவணை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கும். உயிருள்ள வைரஸ் என்பதால் தடுப்பூசியைக் குளிரில் வைத்திருந்து, கரைத்ததும் தாமதிக்காமல் போட்டுவிட வேண்டும். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டிவைத்த பின்பே பட்டியில் சேர்ப்பது நல்லது. ஊருக்குள் கிடை இறங்குவதற்கு முன்பே உள்ளூர் ஆடுகளுக்கு ஊசி போட்டிருந்தால்தான் பலன். வைரஸ் நுழைந்த பிறகு, எதிர்ப்பாற்றலைத் திரட்ட வேண்டிய டி அணுக்களே தாக்குதலுக்கு ஆளாகியிருக்கும்.

மாட்டு வெக்கை தடுப்பூசியால் ஒழிக்கப்பட்டு, 2011இல் உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே வழியில் ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் ஒழிக்க ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் உலக விலங்குநல அமைப்பும் இலக்கு வைத்துள்ளன. இந்தியாவும் தேசிய அளவில் தடுப்பூசித் திட்டத்தை நடத்திவருகிறது.