கடைசிப் பத்து நிமிடம்

செப்டிக் டேங்க் காலியான பிறகும் லாரிக் குழாயில் ஆபத்து மிச்சமிருக்கிறது

பெங்களூரில் அதை 'ஹனி சக்கர்' என்பார்கள். தேன் உறிஞ்சி! பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர் வீடுகளின் செப்டிக் டேங்குகளைக் காலி செய்யும் லாரிக்கு ஆங்கிலம் தந்த குறும்புப் பெயர். டேங்க், எஞ்சின் விசையில் ஓடும் வேக்குவம் பம்ப், பக்கவாட்டில் தொங்கும் தடித்த ஹோஸ் குழாய், ஒரு டிரைவர், ஒரு கிளீனர். இவ்வளவுதான் அதன் மூலதனம்.

சட்டமும் இந்த லாரியைத்தான் விரும்புகிறது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்கை ஆள் வைத்துச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. குழிக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு ரூ. 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அந்தத் தொகையை ரூ. 30 லட்சமாக உயர்த்தியது. ஆள் இறங்கிய இடத்தில் இன்று குழாய் இறங்குகிறது. ஆனால் அந்தக் குழாயைத் தூக்கிச் சுருட்டுவது மனிதக் கைதான்.

கழிவு போய்ச் சேரும் இடத்திலும் முன்னேற்றம் உண்டு. பெங்களூர் விமான நிலையத்துக்கு அருகே உள்ள தேவனஹள்ளியில் 2015இல் கசடுக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் தொடங்கியது. நாட்டில் ஒரு நகரத்துக்கென அமைந்த முதல் நிலையம் இது. நாளொன்றுக்கு 6,000 லிட்டர், அதாவது ஒன்றிரண்டு லாரி லோடு, இதன் கொள்ளளவு. 2017இல் மத்திய அரசு தேசியக் கொள்கையையே வெளியிட்டது. எடுக்கும் இடத்துக்குச் சட்டம், சேரும் இடத்துக்குக் கொள்கை. நடுவில் இருக்கும் குழாயை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

வேலை முடிந்ததும் குழாயை உருவி, அப்படியே லாரியின் மேல் வீசிக் கிளம்புவதுதான் வழக்கமான காட்சி. மடிப்புகளில் தங்கிய கழிவு, லாரி மேடேறும்போதும் பிரேக் போடும்போதும் தெருவில் சொட்டும். அதில் வரும் உருண்டைப் புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு இருக்கக் கூடியவை. வாசலில் விளையாடும் குழந்தைக்கும், அதே கையால் பீடி பற்றவைக்கும் கிளீனருக்கும் அவை ஒரே வழியில் போய்ச் சேருகின்றன.

தடுக்கும் முறை சிக்கலானதல்ல. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயின் வாயைக் கசடுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே பாயும் காற்று மிச்சத்தை டேங்குக்குள் இழுத்துவிடும். பிறகு இரண்டு வாளித் தண்ணீரை உறிஞ்சவிட்டால் குழாயின் உட்புறம் அலம்பப்படும். அதன் பிறகே வால்வை மூடி, இணைப்பைக் கழற்ற வேண்டும். இரு முனைகளுக்கும் மூடி போட்டு, முறுக்கு விழாமல் சுருட்டி, அடியில் தட்டு பொருத்திய தாங்கியில் வைத்தால் சொட்டுக்கூடத் தெருவுக்கு வராது.

வெளிப்புறத்துக்கும் இணைப்புகளுக்கும் 0.5 சதவீதக் குளோரின் கரைசல் போதும். 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 170 கிராம். இதை ஆசிட்டோடு கலந்தால் விஷவாயு கிளம்பும். கரைசலைத் தாராளமாக டேங்குக்குள் ஊற்றுவதும் தவறு. சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவை மக்கவைக்கும் பாக்டீரியாக்களை அது கொன்றுவிடும். கையுறை, பூட்ஸ், தனிக் கேனில் நல்ல தண்ணீர், ஒரு சோப்பு. பட்டியல் அவ்வளவே.

அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக்கி ஊர் சுற்றுபவர்களிடமும் இத்தகைய குழாய் உண்டு. வண்டியின் கழிவுத் தொட்டியை அதற்கென உள்ள இடங்களில் காலி செய்ய மூன்று அங்குலக் குழாய். அதை அலம்பி, முனைகளை மூடி, தனிப் பெட்டியிலோ, பின்பக்க பம்பரின் உள்கூட்டிலோ வைக்கிறார்கள். குடிதண்ணீர்க் குழாயின் பக்கத்தில்கூட அதை வைப்பதில்லை. அங்கே தன் கழிவைத் தானே அகற்ற வேண்டியிருக்கிறது. எனவே குழாயின் சுத்தம் சொந்தப் பிரச்சினையாகிவிடுகிறது. இங்கே கழிவு ஒருவருடையது, கை இன்னொருவருடையது. அந்தக் கை பெரும்பாலும் எந்தச் சாதியினுடையது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி உள்ளிட்ட நான்கு அமைப்புகள் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி 2019இல் வெளியிட்ட அறிக்கை, தலைப்பிலேயே உடல்நலம், பாதுகாப்போடு 'கண்ணியம்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. கண்ணியத்துக்கு இங்கே ஆகும் செலவு இரண்டு மூடிகள், ஒரு தட்டு, பத்து நிமிடம். நடைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்தப் பத்து நிமிடம் நஷ்டம். லைசென்ஸ் கொடுக்கும் நகராட்சி அதை நிபந்தனையாக்கலாம். லாரி உரிமையாளர் அதற்கும் சேர்த்துக் கூலி தரலாம். வீட்டுக்காரரோ, குழாய் மூடியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கலாம்.