காஞ்சிக்குப் போகும் வழியில் ஒரு சாடி பீர்

பீர் என்றாலே பார்லி, ஹாப்ஸ், ஜெர்மனி என்றுதான் நமக்குத் தோன்றும். கள்ளு நம்ம ஊர் சரக்கு, பீர் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் அரிசியில் பீர் செய்யும் முறை ஏழெட்டு வரிக்குள் படிப்படியாக இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு, போகிற வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிற பாட்டு. அதில் வலைஞர் குடியிருப்புக்கு வரும்போது, களைத்துப் போனால் சுட்ட மீனோடு இந்த பீரும் கிடைக்கும் என்கிறார்.

முதலில் கள்ளுக்கும் பீருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிடுவோம். பனஞ்சாறு, தென்னஞ்சாறு இரண்டிலும் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. பானையில் இறங்கிய சில மணி நேரத்தில் காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும். அரிசியிலோ பார்லியிலோ இருப்பது மாவுச்சத்து. காஞ்சிபுரத்தில் காலையில் தெருவில் பாவை நீளமாக இழுத்துக்கட்டி கஞ்சி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கஞ்சி நூலில் விறைப்பாக ஒட்டிக்கொள்கிறது இல்லையா, அதுதான் மாவுச்சத்தின் குணம். சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருக்கின்றன. பீரில் வேலை செய்யும் சாதாரண ஈஸ்ட்டால் அந்தச் சங்கிலியைக் கடிக்க முடியாது. யாராவது அதை வெட்டிக்கொடுத்தால்தான் ஆல்கஹால் உண்டாகும்.

வெட்டிக்கொடுக்க உலகத்தில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, தானியத்தை முளைகட்டுவது. முளைவிடும்போது விதை தன் மாவுச்சத்தைக் கரைத்துக்கொள்ள அமிலேஸ் என்ற நொதியைத் தானே தயாரிக்கும். பார்லி மால்ட் என்பது இதுதான். இன்னொன்று, பூஞ்சையை வளர்த்து அதன் நொதியைப் பயன்படுத்துவது. ஜப்பானில் கோஜி, சீனாவில் ச்சூ, சிக்கிமில் மார்ச்சா, ஜார்க்கண்ட் - ஒடிசா பக்கம் ஹண்டியாவுக்குப் போடும் ரானு மாத்திரை எல்லாம் இந்த வகை. மேற்கே மால்ட், கிழக்கே பூஞ்சை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்போ காஞ்சிக்குப் போகும் வழியில் இருந்த அந்தச் சாடி மேற்கா, கிழக்கா? எனக்கு இந்தக் கேள்விதான் விடாமல் குடைகிறது.

பாட்டு சொல்லும் முறையை என் வார்த்தையில் சொல்கிறேன். குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். வாயகன்ற தட்டில் கொட்டி நன்றாக ஆறவிட வேண்டும். பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் இருக்கும் குரும்பியைப் போன்ற ஒரு 'அடை'யை அதில் கலக்க வேண்டும். இனிப்பு ஏறும்படி இரண்டு பகல், இரண்டு இரவு கழிய வேண்டும். சாடியில் பச்சை வாடை போக விளைந்ததும் விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். அவ்வளவுதான்.

முழுச் சிக்கலும் அந்த 'அடை'யில் இருக்கிறது. நச்சினார்க்கினியர் உரையை ஒட்டி இதை நெல்முளை அடை என்றே பெரும்பாலும் பொருள் கொள்கிறார்கள். அந்த உரையோடு உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-ல் பதிப்பித்தார். நெல்முளை என்றால் மால்ட். அதாவது பார்லிக்குப் பதில் நெல், மற்றபடி முனிச்சில் செய்வதும் இதுவும் ஒரே தத்துவம்.

ஆனால் குரும்பி உவமை என்னை வேறு பக்கம் இழுக்கிறது. குரும்பி என்பது புற்றுக்குள் கறையான் கட்டும் பஞ்சு மாதிரியான கூடு. கறையான் அதில் பூஞ்சையைப் பயிர் செய்கிறது. உடைத்துப் பார்த்தால் பழுப்புக் கூட்டின் மேல் ஊசிமுனை அளவு வெள்ளை உருண்டைகள் தெரியும், அதெல்லாம் பூஞ்சை. பாட்டில் அந்த அடையின் வெளிப்பக்கத்தை வர்ணிக்கும் சொல்லிலும் 'பூ' இருக்கிறது. உரை வழியில் அதைப் பொலிவு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஊறுகாயில் பூசணம் 'பூத்திருக்கு' என்று இன்றைக்கும் சொல்கிறோமே!

இரண்டாவது தடயம், ஆறவைப்பது. மால்ட் நொதி சுறுசுறுப்பாக வேலை செய்வது 60 - 65 டிகிரி சூட்டில். மால்ட் மட்டும்தான் என்றால் களி ஓரளவு சூடாக இருக்கும்போதே கலப்பது லாபம். பூஞ்சைக்கு அந்தச் சூடு ஆகாது, செத்துவிடும். வடகிழக்கில் இன்றும் சோற்றைப் பாயிலோ மூங்கில் தட்டிலோ பரப்பி, நன்றாக ஆறிய பிறகுதான் மருந்துப் பொடியைத் தூவுகிறார்கள். வாயகன்ற தட்டில் ஆறவிடுவது அப்படியே அந்தப் படிதான். மூன்றாவதாக, முதலில் இனிப்பு ஏறி, பிறகு பச்சை வாடை போய் விளைகிற வரிசையும் பூஞ்சைச் சரக்கோடு ஒத்துப்போகிறது.

எதிர்த்தரப்பும் பலவீனமானது இல்லை. நெல்லை ஈரச்சாக்கில் முளைகட்டினால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அடை மாதிரியே ஆகிவிடும். வெள்ளை வேர்முனைகளோடு அதுவும் குரும்பி மாதிரிதான் தெரியும். ஆறவைத்ததற்கும் பதில் உண்டு. முளையோடு வரும் ஈஸ்ட்டும் சூட்டில் சாகும், அதைக் காப்பாற்ற ஆறவைத்திருக்கலாம். வெந்த அரிசியில் மால்ட் நொதி சாதாரண வெப்பத்திலும் மெதுவாக வேலை செய்யும். என் ஊகம் இரண்டுக்கும் நடுவில்: ஈரத்தில் கிடந்த முளை அடையில் பூஞ்சையும் தானாகப் பூத்து, இரண்டு நொதியும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். இது ஊகம்தான், பாட்டு அவ்வளவு தூரம் சொல்லவில்லை.

செய்து பார்த்துத் தீர்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் முடியாது. 1937-ன் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். கள்ளுக்கே 1987-லிருந்து தடை. இதே பாட்டில் இன்னொரு இடத்தில் வீட்டில் சமைத்த 'தோப்பி' என்ற நெல் மதுவும் வருகிறது. வீட்டுக்கு வீடு இருந்த ஒரு கைவேலை, இன்று உரையாசிரியர் தயவில் ஒரு சொல்லாக மிஞ்சியிருக்கிறது. அஸ்ஸாமில் கதை வேறு. திமாசா மக்களின் ஜுதிமா என்ற அரிசி மதுவுக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. குடிப்பது நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். செய்யும் கை இருக்கிற இடத்தில் 'அடை என்றால் என்ன' என்று யாரும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை, பாட்டியைக் கேட்டால் போதும்.

சட்டத்துக்குள் நின்றே பாதி சோதனையைச் செய்யலாம். நெல்லை முளைகட்டி, காயவைத்து, இடித்து, 60 டிகிரி சூட்டில் இருக்கும் அரிசிக் கஞ்சியில் கலந்து ஹாட் பாக்ஸில் சில மணி நேரம் மூடி வையுங்கள். வடிகட்டி ருசித்தால் சர்க்கரை போடாமலே இனிக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆல்கஹால் கிடையாது. பூஞ்சைப் பக்கம் மட்டும் கைவைக்க வேண்டாம். எது நல்ல பூசணம், எது நஞ்சு என்று கண்ணால் சொல்ல முடியாது.

இன்றைய கிராஃப்ட் பீர்க்காரர்கள் உள்ளூர் ருசியைத் தேடி அலைகிறார்கள். பிரா 91 கோகம் போட்டே ஒரு பீர் விட்டது. காஞ்சிபுரம் இட்லியில் போடும் மிளகு, சீரகம், சுக்கு மூன்றும் பீரில் நன்றாகவே பொருந்தும். பெல்ஜியத்தில் கொத்தமல்லி விதை போட்ட கோதுமை பீர் பழைய சங்கதி. ஆனால் மசாலா சேர்ப்பது சுலபமான புதுமை. பச்சரிசியும் உளுந்தும் ராத்திரி முழுக்கப் புளித்து மந்தாரை இலையில் வேகும் அந்த இட்லியில், நுண்ணுயிரை வேலைக்கு வைக்கும் கை இன்னும் காஞ்சியில் இருக்கிறது. அரிசியை இனிப்பாக்கிய அடைதான் நம்மிடம் இல்லை. உரிமம் வைத்திருக்கும் யாராவது ஒரு ப்ரூவர், முளை அடையில் ஒரு சாடி, பூஞ்சை அடையில் ஒரு சாடி என்று இரண்டு நாள் வைத்துப் பார்த்தால், இந்தப் பாட்டுக்கு உரை எழுதுகிறவர்களுக்கும் அது உதவும்.